மூன்று மணித் தட்டு

மீனுக்கு விடிவது ஒன்பது மணிக்கு. வெளியே சூரியன் வந்தாலும் சரி, மழையில் வராமலே போனாலும் சரி, ஆய்வுக்கூடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கும் மீன் அறையில் ஒன்பது மணிக்கு விளக்கு தானாக எரியும்; அதுதான் அங்கே காலை. முந்தின நாள் மாலையே ஒரு சின்னத் தொட்டியில் நடுவே தடுப்பு வைத்து, இந்தப் பக்கம் ஆணும் அந்தப் பக்கம் பெண்ணுமாக விட்டிருப்பார்கள். விளக்கு எரிந்ததும் தடுப்பை உருவினால் அரை மணிக்குள் முட்டை. சுண்டுவிரல் நீளம்கூட வராத, உடம்பெல்லாம் நீலக்கோடு போட்ட மீன். முட்டை கடுகளவு. கண்ணாடி மாதிரி இருக்கும், உள்ளே கரு மடங்குவதும் விரிவதும் நுண்ணோக்கியில் அப்படியே தெரியும்.

இந்த முட்டைகளோடுதான் அவளுக்குப் பிழைப்பு. முனைவர் பட்டம் வாங்கி ஒன்பது வருஷமாகிறது. பட்டம் வாங்கினால் படிப்பு முடிந்தது என்று நாம் நினைப்போம். இந்தத் தொழிலில் அதற்கப்புறம்தான் இழுபறி. இரண்டு வருஷத்துக்கு ஓர் ஒப்பந்தம், அது முடிந்தால் இன்னோர் இரண்டு வருஷம், ஊர் மாறி, கூடம் மாறி. இங்கே வந்து நாலு வருஷம். பகலில் மீன் முட்டை, அது முடிந்ததும் கணினி. முட்டையில் கண்டதை எண்ணாக்கி, அந்த எண்களையெல்லாம் கணினியில் எழுதிய ஒரு கணக்கு மாடலுக்குள் போட்டு, உயிர் எப்படி உருவெடுக்கிறது என்பதற்குக் கணக்குச் சொல்ல வேண்டும்.

வீட்டில் அவளை மீன்காரி என்பார்கள். அந்தப் பெயரை வைத்தது நாத்தனார், அவள் கணவனின் தங்கை. தையல்காரி. கணவன் சரக்குக் கப்பலில் எந்திரம் பார்ப்பவன். வருஷத்துக்கு இரண்டு முறை வருவான், வந்து ஒரு மாதம் தூங்கிவிட்டுப் போவான். தங்கையை அவன் சின்ன வயதிலிருந்து ஆமை என்றுதான் கூப்பிடுவது. அவள் நடக்கவே இரண்டு வயதானதாம். பேச அதற்கும் மேலேயாம். பள்ளிக்கூடத்திலும் ஒரு வகுப்பில் இரண்டு வருஷம் உட்கார்ந்தாள். இன்றைக்கும் தொலைபேசியில் அவன், "ஆமைகிட்டக் குடு" என்பான்.

நாத்தனார் இவர்கள் வீட்டுக்கு வந்ததும் நாலு வருஷத்துக்கு முன்புதான். வந்ததற்குக் காரணம் மூன்று மணி.

அது என்ன மூன்று மணி என்றால், ஒன்பது மணிக்கு விழுந்த முட்டைக்கு ஆறாவது மணி நேரம் பகல் மூன்று. அந்த நேரத்தில் எல்லா முட்டையையும் நுண்ணோக்கிக்கு அடியில் வைத்துத் தரம் பிரிக்க வேண்டும். நன்றாக வளர்ந்திருப்பது ஒரு தட்டில். வெளுத்துச் செத்தது, பின்தங்கிப்போனது இன்னொரு தட்டில். அந்த இரண்டாவது தட்டில் பிளீச் ஊற்றிக் கொட்டிவிடுவார்கள். முதல் தட்டு கேமராவுக்குப் போகும். அவளுக்கு முன்னால் இருந்தவள் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தாள். அவளுக்கும் யாரோ சொல்லிக்கொடுத்திருப்பார்கள். நூறு முட்டையில் முப்பதுக்குக் குறையாமல் போகும். பத்து நிமிஷம் முந்தினாலும் பிந்தினாலும் தரம் தெரியாது. மகளுக்கு இப்போது ஆறு வயது. அவள் பள்ளிக்கூடம் விடுவது மூன்றேகால். மழலையர் பள்ளியில் இருந்தபோதும் அதே மூன்றேகால்தான். முட்டையை உறிஞ்சி எடுக்கும் சின்னக் குழாயான பிப்பெட்டை அம்மா பிடித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் பள்ளிக்கூட வாசலில் நிற்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் நாத்தனார். கையிலிருக்கும் துணியைப் பாதியில் போட்டுவிட்டு இரண்டே முக்காலுக்குக் கிளம்பினால்தான் நேரத்துக்குப் போகமுடியும். நாலு வருஷமாகக் கிளம்பினாள்.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு முடிவும் பேசிவைத்திருந்தார்கள். மீன்காரிக்கு நிரந்தர வேலை கிடைக்க வேண்டும். கிடைத்தால் அண்ணன் கப்பலை விட்டுவிட்டு வருவான். வந்தால் நாத்தனார் போகலாம். எட்டு மணி நேர ரயில் தூரத்தில் ஒரு சிநேகிதி, இரண்டு பேரும் சேர்ந்து தையல் கடை போடலாம் என்று மூன்று வருஷமாகக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். இப்போது ஒரு கடை அமைந்தது. அடுத்த மாதம் இரண்டாம் தேதி திறக்க வேண்டும், இல்லையென்றால் வேறு ஆளைச் சேர்த்துக்கொள்வேன் என்று சொல்லிவிட்டாள். மீன்காரியின் வேலைப் பேட்டியும் அதற்கு இரண்டு வாரம் முன்னதாகவே வந்தது. எல்லாம் கூடிவருவது போலத்தான் இருந்தது.

கூடிவந்ததற்குக் காரணம் அவளுடைய மாடல். மீன் குஞ்சின் உடம்பு தலையிலிருந்து வால்வரை துண்டு துண்டாக உருவாகும். முதுகெலும்பெல்லாம் பிறகு அதிலிருந்துதான். அரை மணிக்கு ஒரு துண்டு. எந்த முட்டையும் அந்தத் தாளத்தைத் தவறவிடுவதில்லை, ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் ஒரு நிமிஷத்துக்குமேல் வித்தியாசம் இல்லை என்று நாலு வருஷப் படங்களை வைத்து அவள் நிறுவியிருந்தாள். அவ்வளவு பிசகாமல் எப்படி வருகிறது? பக்கத்துப் பக்கத்து அணுக்கள் ஒன்றையொன்று இழுத்துப்பிடித்துச் சரிசெய்துகொள்கின்றன என்றது மாடல். அழகான மாடல். பார்த்தவர்கள் எல்லோரும் அந்தச் சொல்லைத்தான் சொன்னார்கள். கட்டுரையைப் பெரிய சஞ்சிகை ஒன்று ஏற்றுக்கொண்டு, அச்சுக்குப் போகும் நிலையில் இருந்தது.

ஒரு வியாழக்கிழமை ராத்திரி ரயிலில் நாத்தனார் கடையைப் பார்த்துவிட்டு வரக் கிளம்பினாள். ரயிலில் திரும்பினால் வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விடுவதற்குள் வந்துசேர முடியாது. ஆனால் சிநேகிதி விடிந்ததும் கடையைக் காட்டிவிட்டு, தன் வண்டியிலேயே மூன்று மணிக்குள் கொண்டுவந்து விடுவதாகச் சொல்லியிருந்தாள். மழை. சாலையில் தண்ணீர், வண்டி வழியிலேயே மாட்டிக்கொண்டது. மூன்றரைக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து ஆய்வுக்கூடத்துக்குத் தொலைபேசி வந்தது, பிள்ளையை அழைத்துப்போக யாரும் வரவில்லை என்று. அவள் அப்போதுதான் தரம் பிரித்து முடித்திருந்தாள். நல்ல தட்டைக் கேமராவில் வைத்தாள். மற்ற தட்டில் பிளீச் ஊற்ற வேண்டும். ஊற்றவில்லை. இருந்த இடத்தில், முட்டைகளைக் கதகதப்பாக வைக்கும் சூட்டுப் பெட்டியின் மேலடுக்கில், அப்படியே தள்ளி வைத்துவிட்டு ஓடினாள்.

திங்கட்கிழமை காலையில் தொட்டிக்காரர் அவளுக்காகக் காத்திருந்தார். மீன் அறையின் முந்நூறு தொட்டியையும் கழுவி, தண்ணீர் மாற்றி, தீனி போடுபவர் அவர். எதையும் எண்ணாமல் விடமாட்டார்.

"டாக்டரம்மா, குப்பையை உயிரோட விட்டுட்டுப் போயிட்டீங்களே."

"எந்தக் குப்பைண்ணே?"

"வெள்ளிக்கிழமைக் குப்பை. முப்பத்தோரு பேர். அஞ்சு பேர் போயாச்சு. இருபத்தாறு பேர் நீந்துறாங்க. கொட்டிடவா, இல்ல வளக்கறீங்களா?"

அவள் தட்டை வாங்கிப் பார்த்தாள். முட்டையை உடைத்துக்கொண்டு வந்த குஞ்சுகள், கண்ணும் வாலுமாகத் துள்ளிக்கொண்டிருந்தன. பின்தங்கியவை என்று அவள் கையாலேயே ஒதுக்கியவை. வெள்ளிக்கிழமை நல்ல தட்டில் இருந்தவற்றையும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். வித்தியாசம் தெரியவில்லை. தொட்டிக்காரரை விட்டு ஒவ்வொன்றாக எடுத்துத் தரச் சொன்னாள். எந்தத் தட்டிலிருந்து எடுத்தார் என்பதை அவர் சொல்லக்கூடாது. இருபது குஞ்சு பார்த்தாள். பதினொன்றைச் சரியாகச் சொன்னாள். கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருந்தாலும் அவ்வளவுதான் வந்திருக்கும்.

"பரீட்சையில நான் பெயிலாண்ணே?"

"நீங்க பாஸா பெயிலான்னு எனக்கு என்ன தெரியும். குஞ்சுங்க பாஸ்" என்றார் அவர், வாளியைத் தூக்கிக்கொண்டே.

செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் அவள் தரம் பிரிக்கவில்லை. காலையிலேயே கருவுறாத முட்டையை மட்டும் எடுத்துவிட்டு, மற்ற எல்லாவற்றையும் கேமராவில் ஏற்றினாள். படத்தை ஓட்டிப் பார்த்தபோது விஷயம் தெளிவாகவே இருந்தது. முட்டைக்கு முட்டை தாளம் வேறு. ஒன்று முப்பது நிமிஷத்துக்கு ஒரு துண்டு போட்டது, ஒன்று முப்பத்து நாலு. பிந்தி ஆரம்பித்தவற்றில் பல, நடுவழியில் இருபத்தேழு நிமிஷத்துக்கு ஒன்றாகப் போட்டு, எட்டிப்பிடித்துவிட்டன. அவளுடைய மாடலில் எட்டிப்பிடிப்பது என்ற ஒன்றே கிடையாது. அந்த எண்களைப் போட்டு ஓட்டினாள். கணினியில் அந்த மாடல் வளர்த்த குஞ்சு பாதி உடம்போடு நின்றுபோனது. ஒரு நிமிஷத்துக்குமேல் பிசகாத அந்தத் தாளம் மீனுடையதில்லை. மூன்று மணிக்கு அவள் கை செய்தது.

பேராசிரியரிடம் போனாள். கூடத்துக்குத் தலைவர். எதைச் சொன்னாலும் "சரி, அப்புறம்?" என்பார் என்பதால் கூடத்தில் படிக்கும் பிள்ளைகள் அவருக்கு அந்தப் பெயரையே வைத்திருந்தார்கள். அவர் படத்தைப் பார்த்தார். நெற்றியைத் தடவினார். எல்லாக் கூடத்திலும் பின்தங்கியதை எடுத்துவிடுகிற வழக்கம்தான், கட்டுரையிலும் ஆரோக்கியமான முட்டைகளை எடுத்துக்கொண்டோம் என்று ஒரு வரி இருக்கிறதே, அது பொய்யில்லையே என்றார். அவள் இல்லை என்றாள். பேட்டி முடியட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை. அவளுக்கு வேலை கிடைக்க வேண்டும் என்று அவளைவிட அதிகமாக ஆசைப்பட்டவர்.

அன்று சாயங்காலமும் மழை விடவில்லை. சமையலறையில்தான் வெளிச்சம் நன்றாக இருக்கும் என்பதால் தையல் எந்திரம் அங்கேயே ஜன்னலோரம் கிடந்தது. நாத்தனார் யாருடையதோ கோட்டின் கையைக் குறைத்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் சூப் கொதித்தது. மகள் பக்கத்து அறையில் வெட்டுத்துணிகளை வைத்துக் கடை விளையாடிக்கொண்டிருந்தாள்.

"என்ன அண்ணி, உரிச்சுக்கிட்டே இருக்கீங்க? ஊரையே கூப்பிட்டிருக்கீங்களா சாப்பிட?"

பார்த்தால் உருளைக்கிழங்கு ஒரு குவியல் ஆகியிருந்தது.

"ஒரு தப்பு பண்ணிட்டேன்" என்றாள் அவள்.

"வீட்டுலயா, மீன்லயா?"

"மீன்ல."

"அப்ப சரி. சொல்லுங்க."

அவள் சொன்னாள். தட்டை மறந்ததிலிருந்து மாடல் குஞ்சு பாதி உடம்போடு நின்றதுவரை எல்லாம். நாத்தனார் மிதியை நிறுத்தாமல் கேட்டாள். கடைசியில் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"இருங்க. நான் ஒரு சட்டை தைக்கிறேன். ஊர்ல எல்லாருக்கும் பொருந்துதுங்கறேன். யாருக்கெல்லாம்டி போட்டுப் பாத்தேன்னு கேட்டா, குண்டா வந்தவங்களை எல்லாம் வாசல்லயே திருப்பி அனுப்பிட்டேன். அதானே?"

"அதேதான்."

"இதைக் கண்டுபிடிக்க நாலு வருஷமா? இத்தனை படிப்பா?"

"அப்படித்தான் சொல்லிக்குடுத்தாங்க. கை அதுபாட்டுக்கு எடுத்துரும். யோசிச்சா எடுக்கறோம்?"

நாத்தனார் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "யார் யாருக்குத் தெரியும்?"

"சாருக்குச் சொல்லிட்டேன். தொட்டி அண்ணனுக்குத் தெரியும்."

"சார் என்ன சொல்றாரு?"

"பேட்டி முடியட்டும்கறாரு."

"பேட்டியில நீங்க என்ன சொல்லணும்?"

"அரை மணிக்கு ஒண்ணு, தாளமே தப்பாதுன்னு சொல்லணும். படம் போட்டுக் காட்டணும்."

"சொன்னா என்ன ஆயிரும்?"

அவள் கத்தியைக் கழுவினாள். "ஒண்ணும் ஆகாது. வேலை கிடைக்கும்னு நினைக்கறேன். அப்புறம் அந்தப் பொய் மேலயே இருபது வருஷம் உக்காந்து வேலை பாக்கணும்."

"உள்ளதைச் சொன்னா?"

"கிடைக்காது. உடைஞ்ச மாடலை வச்சுக்கிட்டு வர்றவளுக்கு யாரு குடுப்பா? திரும்பக் கட்ட ரெண்டு வருஷம் ஆகும்."

"உங்களுக்குக் கிடைக்காட்டி அண்ணன் கப்பலை விடமாட்டான்."

"ம்."

"அண்ணன் வராட்டி நான் இங்கதான்."

அவள் அடுப்பை அணைத்தாள். சூப்பை இறக்கி வைத்தாள். நாத்தனார் கோட்டை மடியில் போட்டு, தைத்த இடத்தை நகத்தால் நீவிக்கொண்டிருந்தாள். கோபமாக இருந்தால்கூடப் பரவாயில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

"அன்னைக்குக் கடையைப் பாத்தேன்ல. உங்ககிட்டச் சொல்லவே இல்ல" என்றாள் நாத்தனார். "ஜன்னல் கிழக்கால இருக்கு அண்ணி. காலையில விளக்கு போடாம ஊசி கோக்கலாம்."

மிதி மறுபடி ஓட ஆரம்பித்தது. உருளைக்கிழங்கை மூன்று நாள் சாப்பிட்டார்கள்.

பேட்டி நடந்தது நீள மேஜை போட்ட ஓர் அறையில். ஏழு பேர். எல்லோர் முன்னாலும் ஒரே மாதிரி தண்ணீர்க் குவளை. அவள் முதலில் பொறுக்கியெடுத்த முட்டைகளின் படத்தைக் காட்டினாள். தாளம் தவறவில்லை. ஒருவர் தலையாட்டிப் பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார். பிறகு அவள் பொறுக்காத முட்டைகளின் படத்தைப் போட்டாள். ஓரத்தில் இருந்த மெலிந்த அம்மாள், அப்படியானால் உங்கள் மாடல் தவறு என்று நீங்களே சொல்கிறீர்கள் என்றார். அவள் ஆமாம் என்றாள். பிந்தியவை எப்படி எட்டிப்பிடிக்கின்றன என்று இன்னொருவர் கேட்டார். தெரியாது என்றாள். தெரிந்துகொள்ள என்ன செய்வீர்கள் என்று கேட்டபோது மட்டும் நிறையப் பேசினாள். நேரமாகிவிட்டது என்று அவர்கள்தான் நிறுத்த வேண்டியிருந்தது.

ஆறு நாள் கழித்துக் கடிதம் வந்தது. மரியாதையான கடிதம். வேலை வேறொருவருக்கு. கட்டுரையை அவளே திரும்ப வாங்கிக்கொண்டாள். பேராசிரியர் அதைக் கேட்டுவிட்டு "சரி, அப்புறம்?" என்றார், இந்த முறை பதிலுக்காகக் காத்திருந்தார். மாடலைத் திரும்பக் கட்ட இன்னும் ஒரு வருஷமாவது வேண்டும் என்றாள் அவள். அவரால் ஒரு வருஷம்தான் கொடுக்கவும் முடிந்தது.

கடிதத்தை வீட்டில் காட்டியபோது நாத்தனார் அதை முழுக்கப் படித்து, மடித்து, திரும்பக் கொடுத்தாள்.

"நான் ஒண்ணாம் தேதி கிளம்பறேன் அண்ணி."

அவள் கடிதத்தை மறுபடி பிரித்தாள்.

"சிநேகிதிக்கு அன்னைக்கே சொல்லிட்டேன். நீங்க உருளைக்கிழங்கு உரிச்ச அன்னைக்கு. நீங்க போய் உள்ளதைச் சொல்லிடுவீங்கன்னு தெரிஞ்சுபோச்சு. சொன்னா வேலை இல்ல. வேலை இல்லாட்டி அண்ணன் வரமாட்டான். அண்ணன் வராட்டி நான் போகக்கூடாது. ராத்திரி படுத்துக்கிட்டு யோசிச்சேன், இதை யாரு இப்படி வரிசையாக் கோத்து வச்சதுன்னு. நீங்க ரெண்டு பேரும் பேசி வச்சது. நானும் சரின்னுட்டேன். எனக்குத்தான் எல்லாம் மெதுவாப் புரியுமே."

"குட்டியை யாரு..." என்று ஆரம்பித்து அவள் நிறுத்திக்கொண்டாள்.

"அதான் எனக்கும் தெரியல. தெரியாமத்தான் போறேன்."

அன்று கணவன் தொலைபேசியில் பேசினான். அவள் சொன்னதையெல்லாம் எந்திரச் சத்தத்துக்கு நடுவே கேட்டான். இந்தப் பயணம் முடிய நாலு மாதம் இருக்கிறது, முடிந்ததும் பார்க்கலாம் என்றான். பிறகு, "ஆமைகிட்டக் குடு" என்றான். நாத்தனார் வாங்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டாள். என்ன பேசினார்களோ. திரும்பி வந்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், ஆனால் முகம் தெளிவாக இருந்தது.

ஒன்றாம் தேதி ரயிலில் தையல் எந்திரத்தை ஏற்ற இரண்டு ஆள் வேண்டியிருந்தது. மகள் அத்தையின் கோட்டுப் பையில் கையை விட்டுக்கொண்டு கடைசி நிமிஷம்வரை நின்றாள். அழவில்லை. வீட்டுக்கு வந்து சமையலறையில் எந்திரம் இருந்த இடத்தில் உட்கார்ந்து அழுதாள்.

மறுநாள் திங்கட்கிழமை. மீன்காரிக்கு விழித்ததிலிருந்து மூன்றேகாலைப் பற்றித்தான் கவலை. யாரைக் கேட்பது, பக்கத்து வீட்டுக்காரியைக் கேட்டால் எத்தனை நாளைக்குச் செய்வாள், மீன் அறை விளக்கை எட்டு மணிக்கு மாற்றினால் மீன்கள் பழக எத்தனை நாளாகும். தொட்டிக்காரரிடம் கேட்டாள். ஒரு வாரம், பத்து நாள் ஆகும், அதுவரை முட்டை சரியாக விழாது என்றார் அவர். பேட்டி, கடிதம் என்று சில வாரமாக முட்டை எடுக்காதவள் அன்றுதான் மறுபடி எடுத்தாள்; ஒன்பது மணிக்கு விளக்கு எரிந்தது. முட்டை விழுந்தது. கருவுறாததை எடுத்தாள். மற்றதைப் பதினோரு மணிக்கெல்லாம் கேமராவில் ஏற்றினாள். பிறகு கணினியில் உட்கார்ந்து பாதி உடம்போடு நிற்கும் குஞ்சை எப்படி வால்வரை கொண்டுபோவது என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்று மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது, நாலு வருஷப் பழக்கம், கால்கள் தாமாக நுண்ணோக்கிக்குப் போயின. முக்காலியை இழுத்து உட்கார்ந்தாள். பிப்பெட்டை எடுத்தாள். எதிரே தட்டு இல்லை.

தொட்டிக்காரர் வாசலில் நின்று, "குப்பை இல்லையா இன்னைக்கு?" என்றார்.

"இல்லண்ணே."

"இனிமேலும் கிடையாதா?"

"கிடையாது."

"அப்ப எதுக்கு உக்காந்திருக்கீங்க?"

அவள் பிப்பெட்டைத் தாங்கியில் வைத்துவிட்டு எழுந்தாள். கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தபோது மழை விட்டிருந்தது. பள்ளிக்கூட வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது மூன்று பன்னிரண்டு. அங்கே நின்றிருந்த தாய்மார்களில் ஒருத்திக்கும் அவளைத் தெரியவில்லை. மகள் வெளியே வந்து இரண்டு பக்கமும் அத்தையைத் தேடிவிட்டு, அம்மாவைப் பார்த்தும் நம்பாதவள் போல மெதுவாக நடந்து வந்தாள்.

"மீன் செத்துப்போச்சாம்மா?"

"இல்லடா. நல்லா இருக்கு."

மகள் அத்தையோடு பேச வேண்டும் என்றாள். அம்மா வாசலிலேயே நின்று தொலைபேசியில் அழைத்துக் கொடுத்தாள். கடையில் பலகை மாட்டியாயிற்றாம், அதில் சிநேகிதி ஓர் ஆமை படம் வரைந்திருக்கிறாளாம், அதற்குக் கால் மூன்றுதான் இருக்கிறதாம். மகள் சிரித்துவிட்டு, அம்மா கூட்டிப்போக வந்திருக்கிறாள் என்று செய்தி சொல்லி, தொலைபேசியைத் திருப்பிக் கொடுத்தாள்.

"வேலையை விட்டுட்டா வந்தீங்க?" என்றாள் நாத்தனார்.

"இல்ல. மூணு மணிக்கு இப்ப வேலையே இல்ல."

"ஏன்?"

"தரம் பிரிக்கத்தானே மூணு மணி. இப்பதான் பிரிக்கறதே இல்லையே. காலையிலயே எல்லாத்தையும் ஏத்திடறேன். கேமரா அதுபாட்டுக்கு ஓடுது."

அந்தப் பக்கம் எந்திரத்தின் மிதி நின்றது. தெருச் சத்தம் மட்டும் கேட்டது.

"அப்ப அந்தப் பிரிக்கிற வேலை முன்னாடியும் வேண்டாதது தானா?"

"ஆமா."

"நாலு வருஷமா நான் பாதித் துணியைப் போட்டுட்டுப் போட்டுட்டு ஓடினது?"

மகள் அம்மாவின் கோட்டுப் பையில் கையை விட்டுக்கொண்டாள். தொலைபேசியில் ஒரு கதவு திறக்கும் சத்தம், யாரோ ஓர் ஆள் ஏதோ கேட்கும் சத்தம்.

"இருங்க, வந்துடறேன்" என்று நாத்தனார் அந்த ஆளிடம் சொன்னாள். பிறகு இவளிடம், "முதல் ஆளு வந்திருக்கு அண்ணி. நல்ல குண்டு. அளவெடுக்கணும், வைக்கறேன்" என்றாள்.